பொட்டு வைக்க இடமில்லாத படம்

பெங்களூருக்கு நான் போனது ஒரே ஒரு தடவை. இரண்டாம் உலகச் சண்டைக்காலம். ஐந்து நாள் இருந்தேன். போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எனக்கு ஒரே தம்பி, ஏகாம்பரம். என்னைவிடப் பதினாறு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். என் மகள் சரோஜாவுக்கு அவன்தான் முறை. எங்கள் பக்கத்தில் அக்கா மகள் மேல் முதல் உரிமை தாய்மாமனுக்கு. அவனைத் தாண்டி வேறிடத்தில் கொடுப்பதானால், அவன் முகத்தைப் பார்த்து, உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கடிதத்தில் எழுதிப் போடுவது மரியாதை இல்லை.

ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அவர்கள் அடுத்த புதன்கிழமை பதில் கேட்டு வருவதாக இருந்தார்கள். ஏகாம்பரமோ பெங்களூரில் படம் போட்டுக்கொண்டிருந்தான். அதுவும் என்ன படம்? போய்ப் பார்த்துவிட்டு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கடைத்தெருவில் நின்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். "படத்துல மனுசன் இல்ல, மாடு இல்ல, மரம் இல்ல. வர்ணத்த கொட்டிட்டு தொடைக்காம வுட்ட மாதிரி கீது."

என் வீட்டுக்காரர் குடியாத்தத்தில் வெல்லமண்டி வைத்திருந்தார். அவர் அதைக் கேட்டுவிட்டு வந்து, "ஆரணிக்கே குடுத்துடலாம்" என்றார். "இல்லன்னு சொல்ல வேண்டியவ நானு. கண்ணால பாக்காம சொல்ல மாட்டேன்" என்றேன். சரோஜாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை.

இன்று அவன் படங்களைப் பம்பாயில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். சீமைப் புத்தகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்று அவனைப் பற்றி எழுதுகிறார்களாம். எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். எழுதுகிறவர்கள் எழுதட்டும். நான் பார்த்ததை நான் எழுதுகிறேன்.

ரயிலில் எங்கு பார்த்தாலும் சிப்பாய்கள். பெண்கள் பெட்டியில்கூட வாசற்படியில் இரண்டு பேர் உட்கார்ந்து சீட்டாடினார்கள். நான் நாலு படி அரிசியை ஒரு பழைய கம்பளத்தில் சுற்றி, அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சமயம் அரிசியை மைசூர் ராஜ்யத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பங்காரப்பேட்டையில் ஒரு போலீஸ்காரர் ஏறி, மூட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து, "எழுந்திருங்கம்மா" என்றார்.

"முழங்கால் வலி. ஒக்காந்தா எழுந்திருக்க ரெண்டு ஆள் வேணும். நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. முழங்கால் கல்லு மாதிரி இருந்தது.

தண்டு ஸ்டேஷனில் இறங்கு என்று ஏகாம்பரம் எழுதியிருந்தான். பெங்களூருக்கு இரண்டு ஸ்டேஷன் என்பது எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரப் பட்டாளம் இருக்கிற பக்கத்தைத்தான் அங்கே தண்டு என்கிறார்கள், அது முதலில் வரும். நான் கூட்டமாக இறங்குகிற இடம்தான் ஊர் என்று கடைசிவரைக்கும் உட்கார்ந்து, சிட்டியில் போய் இறங்கினேன். தம்பி அங்கே, நான் இங்கே. அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு ஜட்காவைக் கூப்பிட்டேன். வண்டிக்காரர் சாயபு. தமிழ் பேசினார், ஆனால் குதிரையிடம் உருதுவில்தான் பேசினார்.

"ஆஸ்டின் டவுனா? அது தண்டுக்கும் அந்தாண்ட ஆச்சேம்மா. குதிரைக்கு வயசாயிடுச்சி."

"எனக்குந்தான் வயசாயிடுச்சி. ஓட்டு."

பெங்களூரில் என் கண்ணில் முதலில் பட்டது வெயில் இல்லாத வெளிச்சம். எங்கள் ஊரில் வெளிச்சம் வந்தால் கூடவே சூடும் வரும். அங்கே பகல் பன்னிரண்டு மணிக்குச் சால்வை போர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். சாலை நல்ல சாலை. ஆனால் வழியில் பட்டாள லாரிகள் வரிசையாக வந்து, எங்கள் ஜட்காவை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டன. அந்த லாரிகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சையும் காவியும் கருப்புமாகத் திட்டுத் திட்டாகச் சாணியை வாரி அடித்த மாதிரி இருந்தன.

"இது இன்னா கண்றாவி? ஒழுங்கா ஒரு வர்ணம் அடிக்கத் தெரியாதா?"

"மேல ஏரோப்ளேன்ல வர்றவனுக்கு லாரி தெரியக் கூடாதும்மா. அதுக்குத்தான் இப்பிடி. அடிக்கிறவனுக்கு நல்ல சம்பளம்."

தெரியக் கூடாது என்பதற்காக வர்ணம் அடிக்கிறார்களா என்று அதிசயமாக இருந்தது. எங்கள் ஊரில் தெரிய வேண்டும் என்றுதான் அடிப்பார்கள்.

ஏகாம்பரம் குடியிருந்தது பிலோமினா அம்மாள் வீட்டின் பின்கட்டில். கத்தோலிக்கத் தமிழர்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து அவர் தாத்தா காலத்திலேயே வந்துவிட்டார்களாம். துரைசாணிகளுக்கு கவுன் தைத்துக் கொடுப்பார். அதனால் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, நீங்கதான் அக்காவா? உங்க தம்பி ஸ்டேஷன்ல தவம் கெடக்குறாரு" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவார். எனக்குத்தான் பயமாக இருந்தது.

தம்பி வந்து சேர்வதற்குள் அவன் அறையைப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு கூஜா, சுவரோடு சுவராகத் திருப்பி வைத்த படங்கள். பழைய கூடாரத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதில் போட்டிருந்தான். ஒன்றைத் திருப்பினேன். ஊர்க்காரர் சொன்னது பொய் இல்லை. ஒன்றும் இல்லை.

"இதுல ஒரு மாட்டையாவது காட்டுங்க, நான் காபி போட்டுத் தரேன்" என்றார் பிலோமினா.

"காபி கெடைக்காதுன்னு நேராவே சொல்லிடுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்க் காபி போட்டார்.

ஏகாம்பரம் வந்தான். தாடி வைத்திருந்தான். இளைத்திருந்தான். "இன்னாக்கா, சொன்னனே, தண்டுன்னு" என்றான். "நீ சொன்ன, ரயில்காரன் சொல்லல" என்றேன். ஆரணி வரனைப் பற்றி அன்று நான் பேசவில்லை. அவனுக்குத் தெரியும் என்பது அவன் கேட்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

இரண்டாம் நாள் காலையில் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அரிசிக்குத் தட்டுப்பாடு என்பதால் இட்லியில் என்னத்தையோ கலந்திருந்தார்கள். அதை மன்னிக்கலாம். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பாரில் வெல்லமா என்று நான் கேட்கவில்லை, வெல்லத்தில் பிறந்து வெல்லத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். ஆனால் அது உப்புக் கரிக்கிற மட்டமான வெல்லம். பரிமாறியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். "அடுத்த தடவ நீங்களே அனுப்புங்க தாயீன்றாரு" என்றான் தம்பி. ஆள் கெட்டிக்காரர்தான்.

அங்கிருந்து பிளாக்பள்ளிக்கு நடந்தோம். இப்போது அதைச் சிவாஜிநகர் என்கிறார்கள். கறிக்கடையும் துணிக்கடையும் அடுத்தடுத்து இருக்கும். ஒரு தெருவில் தமிழ், அடுத்த தெருவில் உருது. ஒரு தகரப்பெட்டிக் கடை முன்னால் அவன் நின்றான். "இங்கதாங்க்கா மொதல்ல. பெட்டி மேல ரோசாப்பூ போடுறது. ஒரு நாளிக்கு முப்பது பெட்டி." கடைக்காரர் உள்ளே இருந்து பார்த்துவிட்டு, "டேய் ஏகாம்பரம், ரோசாப்பூ போட மறந்துட்டியாமே?" என்று கத்தினார். இவன் தூரிகையை வாங்கி, அங்கே கிடந்த ஒரு பெட்டி மூடியில் நாலே இழுப்பில் ஒரு ரோஜா போட்டான். இலையில் பனித்துளி வேறு. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"இவ்ளோ அழகா வருதே, இதையே போட வேண்டியதுதானே?"

"அதான் வந்துடுச்சேக்கா" என்றான்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனோம். தகரப்பெட்டிக் கடைக்குப் பிறகு நாலு வருஷம் அங்கே வேலை பார்த்திருக்கிறான். போட்டோ எடுக்க வருகிறவர்களுக்குப் பின்னால் தொங்குகிற படுதாவை எழுதுவது அவன் வேலை. ஸ்டுடியோ முதலாளி பெரிய மீசைக்காரர். நான் அக்கா என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உங்க தம்பி மொதப் படுதா எழுதினாரும்மா. மாடிப்படி, தூணு, கொளம், கொளத்துல அன்னம், மேல நிலா. அப்பிடி ஒரு படுதா இந்த தண்டுலயே கெடையாது. அது முன்னாடி ஒரு கல்யாண ஜோடிய ஒக்கார வெச்சி எடுத்தேன். போட்டோவ பாத்துட்டு மாமனார்காரரு கேக்குறாரு, அன்னம் நல்லாருக்கு, என் மாப்பிள்ள எங்கய்யான்னு!"

சிரித்துக்கொண்டே மீதியையும் அவரே சொன்னார். அன்னத்தை அழிக்கச் சொல்லியிருக்கிறார். அழித்ததும் ஆட்கள் முகம் கொஞ்சம் எடுப்பாகத் தெரிந்தது. அடுத்து நிலாவை. அடுத்து தூணை. இப்படியே ஒவ்வொன்றாக அழித்து அழித்து, கடைசியில் ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் நிழலும்தான் மிச்சம். அந்தப் படுதா முன்னால் யார் உட்கார்ந்தாலும் ராஜா மாதிரி விழுந்தார்களாம்.

அதை இன்னும் தொங்கவிட்டிருந்தார்கள். நான் பார்த்தேன். சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் சமையல்கட்டுச் சுவர் இருக்குமே, அப்படி இருந்தது. உட்காரச் சொன்னார்கள், ஒரு போட்டோ எடுக்கலாம் என்று. வேண்டாம் என்றேன். அந்தச் சுவருக்கு முன்னால் மறைத்துக்கொண்டு உட்கார மனசு வரவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வெளியே வந்ததும், "ஒவ்வொண்ணா அழிச்சப்போ எல்லாரும் ஜோடிய பாத்தாங்க. நான் பின்னாடிய பாத்தேன்க்கா" என்றான் தம்பி. "யாரும் இல்லாதப்போ அந்த ஸ்டூல எடுத்துட்டு, வெறும் படுதாவ பாத்துக்கினு நிப்பேன்."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏறினோம். கரிப்புகையில் ஓடுகிற பஸ். பின்னால் ஒரு அடுப்பு கட்டியிருந்தார்கள். ஒரு மேட்டில் வந்ததும் நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நான் இறங்கவில்லை. டிக்கெட் வாங்கியிருக்கிறேன், இறங்க மாட்டேன் என்றேன். பாவம், ஏகாம்பரம் என்னையும் சேர்த்துத்தான் தள்ளினான்.

அந்த மேட்டிலிருந்து பார்த்தால் பட்டாளத்து ஷெட்டின் வேலி தெரிந்தது. உள்ளே அந்தத் திட்டு லாரிகள். "அதான் இப்போ என் வேலை. நீ வர்றன்னு மூணு நாள் லீவு போட்டேன்" என்றான். முதல் நாள் நான் சிரித்த லாரிகளுக்கு வர்ணம் அடித்தவன் என் தம்பிதான்! ஷெட்டில் ஒரு இத்தாலிக்காரர் இருந்தாராம், சண்டையில் பிடிபட்ட கைதி. தன் ஊரில் படம் எழுதியவராம். இவனுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவன் பாஷை தெரியாது. இவன் அட்டையில் எதையாவது எழுதினால் அவர் வந்து, அதில் ஒரு இடத்தை உள்ளங்கையால் மூடிப் பார்ப்பாராம். கையை எடுத்துப் பார்ப்பாராம். மறுபடி மூடுவாராம். மூடினால் நன்றாக இருக்கிறதா, எடுத்தால் நன்றாக இருக்கிறதா, அவ்வளவுதான் பாடம். பிறகு அவரை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். ஏகாம்பரத்துக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால்கூட இலையில் ஊறுகாயை மூடிப் பார்க்கிறான்.

எனக்கு ஒரு கவலைதான். "சண்ட முடிஞ்சா லாரிக்கு யாருடா வர்ணம் அடிப்பாங்க?"

அதற்கு அவன் ஒரு சேதி சொன்னான். துரைசாணி ஒருத்தி இருக்கிறாள், பிலோமினாவிடம் கவுன் தைக்கிறவள். அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் கமிட்டியில் இருக்கிறாள். டிராயிங் மாஸ்டர் வேலை காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் வந்து, இவன் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் படத்தைப் பார்ப்பாள். பிடித்தால் எடுத்துக்கொண்டு போய்க் கமிட்டியிடம் காட்டுவாள். வேலை கிடைத்தால் நிரந்தரம், பென்ஷன்கூட உண்டு. நான் கணக்குப் போட்டுவிட்டேன். வேலை வந்தால் சரோஜா இவனுக்கு. வராவிட்டால் ஆரணி. அதை அவனிடமும் அப்போதே சொன்னேன். மறைத்துப் பேசுவது எனக்கு வராது. "சரிக்கா" என்றான்.

வெள்ளிக்கிழமை. ஏகாம்பரம் விடியற்காலையில் ஷெட்டுக்குப் போய்விட்டான், பத்து மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வருவதாக. படம் அறை நடுவில் சாய்த்து வைத்திருந்தது. நான் குளித்து, சாமி கும்பிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து புதுசாக எதுவும் பொட்டு வைக்காமல் வாசல் தாண்டாது. தராசு, பூட்டு, அடுப்பு, வண்டி, எதுவானாலும் சரி. மண்டியில் புது வெல்லம் வந்தால் முதல் உருண்டைக்கு வைப்போம். இந்தப் படமோ வேலை தேடிப் போகிற படம். வெள்ளிக்கிழமை வேறு. சந்தனம் குழைத்தேன், குங்குமம் எடுத்தேன், படத்தின் முன்னால் போய் நின்றேன்.

நின்றால், எங்கே வைப்பது?

கதவுக்கு நிலைப்படி இருக்கிறது. அடுப்புக்கு முகம் இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. சாமி படமானாலும் மனுஷர் படமானாலும் நெற்றி இருக்கிறது. இதற்கு ஒன்றும் இல்லை. மேலே வைத்தால் சரியாக வராது. மூலையில் வைத்தால் தபால் முத்திரை மாதிரி ஆகிவிடும். விரலில் சந்தனம் காய்கிறது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அந்தப் படத்தை நான் உண்மையில் பார்த்தது அப்போதுதான். காவி நிறம் ஒரு பக்கம் அடுக்கடுக்காக இறங்கியது. பச்சை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து நின்றது. எங்கே பார்த்தாலும் கண் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது. நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம், வெளுத்த சாம்பல் நிறத்தில் ஒரு உள்ளங்கை அகலம். அங்கே ஒன்றுமே இல்லை. இதுதான் நெற்றி என்று தோன்றியது. சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன்.

விரல் உள்ளே போனது. வர்ணம் காயவில்லை.

ஏகாம்பரம் வந்து பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "எதுக்குக்கா சரியா அங்க வெச்ச?" என்றான்.

"வேற எங்க வெக்கிறது? அங்கதான் இடம் இருந்திச்சி."

"பதினோரு நாளா அந்த இடத்த காலியா வெச்சிக்கினு இருக்கேன். எதைப் போட்டாலும் அங்க வந்து ஒக்காந்துக்கப் பாக்குது. ஒண்ணையும் ஒக்கார வுடாம காப்பாத்திக்கினு இருந்தேன். நீ வந்து..." முடிக்காமல் சுரண்டுகிற கத்தியை எடுத்தான்.

"டேய், குங்குமம்டா! வெள்ளிக்கெழம! நல்ல காரியம் பேச வந்த எடத்துல குங்குமத்த சுரண்டுவியா? உங்கக்கா இன்னும் நல்லா இருக்கேன்டா!"

அவன் கை அப்படியே நின்றது. அதற்குள் வாசலில் மோட்டார் சத்தம்.

துரைசாணி உயரமாக, வெளுப்பாக இருந்தாள். கையுறையைக் கழற்றாமலே படத்தின் முன்னால் நின்றாள். பிலோமினா எனக்குப் பக்கத்தில் நின்று, அவள் பேசியதை மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ரொம்ப நல்லாருக்குதாம். போன தடவ பாத்தப்போ புரியலயாம். இப்ப அந்த செவப்புப் பொட்டு வந்ததும் உயிர் வந்துடுச்சாம். இது இந்தியாவாம். கமிட்டி ஆளுங்களுக்கும் சட்டுனு புரியுமாம்."

ஏகாம்பரம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். அவனுக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

"தப்பா விழுந்தது, எடுத்துடுவேன்றாரு" என்றார் பிலோமினா. துரைசாணி தலையை ஆட்டி, கொஞ்சம் வேகமாகப் பேசினாள். கோபமாக இல்லை. "எடுக்காதீங்கன்றாங்க. பொட்டு இல்லாம கொண்டுபோனா இது என்னன்னு கமிட்டி கேக்கும், எனக்குச் சொல்லத் தெரியாதுன்றாங்க. பொட்டோட குடுத்தா இன்னிக்கே எடுத்துட்டுப் போவாங்களாம். வேலைக்கு அவங்க பொறுப்பாம்."

ஏகாம்பரத்தின் கையில் இன்னும் கத்தி இருந்தது. துரைசாணி என் பக்கம் திரும்பினாள். பொட்டு என் கைவேலை என்று என் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"உங்களக் கேக்குறாங்க," என்றார் பிலோமினா. "இது உங்க சாமி அடையாளம்தானே, அழிக்கலாமான்னு கேக்குறாங்க."

அழிக்கக் கூடாது என்று சொல்வதற்கு எனக்கு வாய் நிறைய இருந்தது. அரை நாழிகைக்கு முன்னால் அதைத்தானே கத்தினேன். நான் சொல்லிவிட்டால் ஏகாம்பரம் தாண்ட மாட்டான். வேலை, பென்ஷன், சரோஜா, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கைகூடிவிடும். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கிட்டே போனேன். அந்த இத்தாலிக்காரர் செய்தாரே, அந்த மாதிரி உள்ளங்கையால் பொட்டை மூடிப் பார்த்தேன். காவி இறங்கியது, பச்சை வந்து நின்றது, இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட இடம் இருந்தது. கையை எடுத்தேன். பொட்டு மட்டும்தான் தெரிந்தது. படம் அதற்குப் பின்னால் போய்விட்டது, கல்யாண ஜோடிக்குப் பின்னால் தொங்குகிற படுதா மாதிரி. மறுபடி மூடினேன், மறுபடி எடுத்தேன். வேறு மாதிரி தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டுகூடப் பார்த்தேன். தெரியவில்லை.

"சாமிக்கு வெச்சதுதான்" என்றேன். "ஆனா வெச்ச எடம் தப்பு. எடுத்துடச் சொல்றேன்னு சொல்லுங்க."

பிலோமினா என்னை ஒரு பார்வை பார்த்தார். "யோசிச்சித்தான் சொல்றீங்களாம்மா?"

"சொல்லுங்க."

சொன்னார். துரைசாணிக்கு நம்பிக்கை வரவில்லை, இரண்டு தரம் கேட்டாள். ஏகாம்பரம் கத்தியை நீட்டினான். அதை வாங்காமல், கீழே கிடந்த துணியை எண்ணெயில் தோய்த்து, நானே துடைத்தேன். கட்டின நாளிலிருந்து குங்குமத்தைத் துடைத்து அறியாத கை. மிச்சம் இருந்த கறையை அவன் கத்தியால் வழித்து எடுத்தான்.

துரைசாணி மரியாதையாகத்தான் விடைபெற்றாள். படத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொன்னாளாம். மோட்டார் போன பிறகு பிலோமினா, "அக்காவும் தம்பியும் சேந்து வந்த வேலைய வாசலோட அனுப்பிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் தண்டு ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். இந்தத் தடவை தப்பவில்லை. ஏகாம்பரம் ஜன்னல் ஓரம் நின்றான். வண்டி புறப்படுகிற சமயத்தில்தான் வாயைத் திறந்தான்.

"ஆரணிக்கே சொல்லிடுக்கா. எனக்கு வருத்தம் இல்ல."

"உனக்கு வருத்தம் இருக்கா இல்லியான்னு நான் கேட்டனா? சொல்ல வேண்டியவ நானு. தாடிய எடு" என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது.

வழியெல்லாம் யோசித்தேன். நான் போட்ட கணக்கின்படி பார்த்தால் ஆரணிதான். வேலை வரவில்லை, சண்டை முடிந்தால் லாரியும் இல்லை. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன், சொல்லாமல் வந்துவிட்டேன். அது ஏன் என்று குப்பம் தாண்டியும் எனக்கு விளங்கவில்லை. கட்டிக்கொண்டு அவனோடு வாழப்போகிறவள் நான் இல்லையே என்று ஜோலார்ப்பேட்டையில் காபி குடிக்கும்போது தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "இன்னா சொல்லிட்டு வந்த?" என்றார். "இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். சரோஜா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ரோஜாப்பூ, படுதா, லாரி, பொட்டு, துரைசாணி, போன வேலை. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு பெண்ணிடம் கல்யாணத்தைப் பற்றி அப்படிப் பேசுவது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், வடிதட்டைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கஞ்சி முழுக்க இறங்கிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் காலி எடம் எந்தப் பக்கம்மா இருந்திச்சி?"

"நடுவுலருந்து கொஞ்சம் எடப்பக்கம்."

பானையை நிமிர்த்தி வைத்தாள். கரித்துண்டு ஒன்றை எடுத்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அவசரமில்லாமல் ஒரு சட்டம் போட்டாள். உள்ளே ஒன்றும் போடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

புதன்கிழமை ஆரணிக்காரர்கள் வந்தார்கள். காபி கொடுத்து, முறை மாப்பிள்ளை இருக்கிறான் என்று சொல்லி அனுப்பினேன்.